திறவுகோல் யார் கையில்?

பல்லாவரத்துக் குன்றிலே குடைவரை ஒன்று உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், ஏறத்தாழ 1400 ஆண்டுகட்கு முன்னர்க் குடைவித்தது. கோவிலாகக் குடையப்பட்ட அவ்விடம் இன்று தர்காவாக விளங்குகிறது — கல்லுக்கு மதம் ஏது! அங்கே தன் விருதுப் பெயர்களைக் கல்லிலே வெட்டுவித்தான் மன்னன். ஓலையிலே எழுதினால் செல்லரிக்கும், செப்பிலே எழுதினால் களவு போகும், கல்லிலே வெட்டினால் காலத்தை வெல்லும் என்று எண்ணினான் போலும். எண்ணம் பொய்க்கவில்லை. ஆனால், தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே நாள்தோறும் மின்வண்டியிலே போய்வரும் ஆயிரமாயிரம் மக்களுள் அவ்வெழுத்தைப் படிக்க வல்லார் எத்துணைப் பேர்? எண்ணிப் பார்க்க விரல்கள் வேண்டியிரா!

மகேந்திரனின் விருதுகளை நாம் அறிந்தது கல்லின் வலிமையால் மட்டும் நேர்ந்ததன்று. அந்தப் பழைய எழுத்தின் வடிவம் இன்னது, ஒலி இன்னது என்று கண்டறிந்த கல்வெட்டறிஞர்கள், தாம் கண்டதை அச்சிட்டு எல்லார்க்கும் பொதுவாக்கினர், அதனால் அறிந்தோம். ஓர் ஆவணம் வாழ இரண்டு வேண்டும். எழுதப்பட்ட பொருள் அழியாதிருக்க வேண்டும். அதைப் படிப்பதற்கான திறவுகோல் தொலையாதிருக்க வேண்டும். பொருளைக் காக்கப் பேழை செய்கிறோம், பூட்டுப் போடுகிறோம், காவலாளியை அமர்த்துகிறோம். திறவுகோலைப் பற்றிக் கவலைப்படுவார் யார்?

அது தொலைந்தால் என்ன ஆகும் என்பதை அறிய, பல்லாவரத்திலிருந்து நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. தரமணிக்குப் போனால் போதும். அங்குள்ள ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், 2007ஆம் ஆண்டு முதல் சிந்துவெளி ஆய்வு மையம் இயங்கி வருகிறது. அதற்கு அடிகோலியவர், 2018இல் மறைந்த அறிஞர் ஐராவதம் மகாதேவன். கிடைத்த சிந்துவெளி எழுத்துகளையெல்லாம் கணிப்பொறியின் துணைகொண்டு வகைப்படுத்தி, 1977இல் தொடரடைவாக வெளியிட்டவர். முத்திரைகள் 4000 ஆண்டுகட்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் சிதையவில்லை. சிந்துவெளி நாகரிகம் என ஒன்று உண்டென்று 1924இல் சான் மார்சல் உலகுக்கு அறிவித்து நூறாண்டும் கடந்துவிட்டது. என்றாலும் அறிஞர் அனைவரும் ஒப்புமாறு ஒரு வரியைக்கூட எவரும் படித்துக் காட்டவில்லை. அவ்வெழுத்தின் புதிரை விடுவிப்போர்க்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்று 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தொலைந்துபோன ஒரு திறவுகோலின் விலை அது!

படிக்க முடியாத ஆவணம், வாய் திறவாத சாட்சி. அதன் வாயிலே எவன் வேண்டுமானாலும் தன் சொல்லைத் திணிக்கலாம். திணித்திருக்கிறார்கள், இன்றும் திணிக்கிறார்கள். ஆவணம் செத்த இடத்திலே புராணம் முளைக்கும். தமிழக வரலாற்றைப் புரட்டும் இளைஞன் பக்கத்துக்குப் பக்கம் காணும் காட்சி இது.

திறவுகோல் தானாகத் தொலைவதும் உண்டு. வேண்டுமென்றே ஒளிக்கப்படுவதும் உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நடைபெறுகிறது. பழைய சித்த மருத்துவ ஏடுகளைப் பயின்றோர் அறிவர்: அவற்றிலே மருந்துச் சரக்குக்கு நேரான பெயர் இராது, பரிபாசை என்னும் மறைமொழி இருக்கும். ஒரே சொல் ஓரிடத்தில் ஒரு மூலிகையையும், மற்றோரிடத்தில் ஒரு பாடாணத்தையும் குறிக்கும். ஆசான் வாய் திறந்தாலன்றி மாணவனுக்கு விளங்காது. ஆசான் வாய் திறவாமலே மாண்டால்? ஏடு இருக்கும், மருந்து இராது. தகாதவன் கைக்குப் போய்விடலாகாது என்று பூட்டினார்களாம். நோய் மட்டும் தக்கவன், தகாதவன் என்று பார்த்தா வந்தது?

பூட்டி வைத்ததற்கு மேல் புண்ணியம் வேறு தேடிக்கொண்டார்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்று வெள்ளத்திலே விட்ட நாடு இது. எஞ்சியவற்றைத் தேடி, சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஊர் ஊராக அலைந்து, ஏடு ஏடாக ஒப்புநோக்கி, அச்சேற்றினர். 1887இல் கலித்தொகை, அவ்வாண்டே சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. ஒரு வீட்டுப் பரணிலே கிடந்த ஏடு, ஆயிரம் வீடுகளுக்கு நூலாகச் சென்றது. பல படிகள், பலருக்கும் தெரிந்த எழுத்து — இவை இரண்டுமே சங்க இலக்கியத்தைக் காத்தன. பரணும் பேழையும் காக்கவில்லை.

தாளும் நிலையானதன்று. அதே பல்லாவரத்தில் 1911 முதல் வாழ்ந்த மறைமலையடிகள், தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் ஏறத்தாழ நாலாயிரம். அடிகளாரின் சைவத்தை ஏற்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. அவர்தம் நூற்காதலை மறுப்பார் இல்லை. 1950இல் அவர் மறைந்தபின், அந்நூல்களைச் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் ஏற்று, 1958இல் சென்னையிலே மறைமலையடிகள் நூல்நிலையத்தை நிறுவிற்று. கோட்டையூரிலே ரோசா முத்தையா சேர்த்து வைத்த பெருந்தொகுப்போ, 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிக் காத்ததால் பிழைத்தது. மேலே சொன்ன தரமணி நூலகம் அதன் பயன். அங்கே பழம் நூல்களையும் இதழ்களையும் நுண்படச் சுருளிலே ஏற்றினர். நுண்படம் எளிய பொருள். விளக்கொளியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால் எவரும் படிக்கலாம். எந்த நிறுவனத்தின் இசைவும் வேண்டியதில்லை. இந்த ஒரு சிறப்பை மனத்திலே இருத்திக்கொண்டு, மேலே வாருங்கள்.

2015 திசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையைத் தாம்பரத்தார் மறந்திரார். மறுநாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்திலே பதிவான மழை 49 செண்டிமீட்டர். அடையாறு கரைபுரண்டது, முடிச்சூரும் வரதராசபுரமும் வெள்ளக்காடாயின. நீர் வடிந்தபின் பெட்டியைத் திறந்தவர்கள் கண்டது, கூழாகிப்போன பட்டா. மை கரைந்த பள்ளிச் சான்றிதழ். மாற்றுச் சான்றுகள் வழங்குவதற்கென்றே அரசு சிறப்பு முகாம்களை நடத்த நேர்ந்தது. அதன்பின் எங்கும் ஒரே பேச்சு: ‘எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலே ஏற்றிவிட வேண்டும்!’ நல்ல பேச்சுத்தான். ஆனால், ஏற்றிவிட்டால் அழியாது என்று நம்புகிறார்களே, அது இக்காலத்தின் மூடநம்பிக்கை. சாமியறையிலே வைத்த பத்திரத்தைச் சாமி காக்கும் என்று பாட்டன் நம்பினான். பேரன் கணிப்பொறியை நம்புகிறான். நம்பிக்கை மாறவில்லை; மாடம்தான் மாறியிருக்கிறது.

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. அது வைத்திருப்பவையெல்லாம் எண்கள். இன்ன எண் வந்தால் இன்ன எழுத்து, இந்த இடத்திலே பத்தி முடிகிறது, இங்கே படம் தொடங்குகிறது என்று, எழுதுவோனும் படிப்போனும் முன்கூட்டியே செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று வேண்டும். கோப்பு வடிவம் என்பது அந்த உடன்படிக்கையே. உடன்படிக்கை அச்சாகி வெளிவந்திருந்தால், நூறாண்டு கழித்தும் ஒருவன் அதைப் பார்த்துக் கோப்பைத் திறக்கும் கருவி செய்துகொள்வான். ஒரு நிறுவனத்தின் இரும்புப் பெட்டிக்குள் மட்டும் இருந்தால், நிறுவனம் மூடும் நாளில் நம் ஆவணமும் மூடிக்கொள்ளும்.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 1086இல் வில்லியம் மன்னன், தன் நாட்டின் நிலம், ஏர், ஆலை அனைத்தையும் கணக்கெடுத்துத் தோலிலே எழுதுவித்தான். டூம்சுடே ஏடு என்பது பெயர். அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, பி.பி.சி. நிறுவனம் 1986இல் மக்களைக்கொண்டே புதிய கணக்கெடுப்பு நடத்தி, ஒளிவட்டுகளிலே பதிந்தது. பதினைந்தே ஆண்டுகளில் அவ்வட்டுகளைப் படிக்கும் பொறிகள் அருகிப்போயின. அறிஞர் குழுக்கள் முயன்று மீட்க வேண்டியதாயிற்று. 1086ஆம் ஆண்டின் ஏடோ இலண்டன் கியூ ஆவணக் காப்பகத்திலே இன்றும் கண்ணாலே படிக்கும்படி இருக்கிறது!

கடல்கடந்த கதை எதற்கு? நம் வீட்டிலே நடந்த கூத்து அதைவிடப் பெரிது.

1980களின் இறுதியிலிருந்து, தமிழகத்து அச்சுக்கோப்பாளர்கள் ஈய எழுத்துப் பெட்டியை மூடிவிட்டுக் கணிப்பொறிமுன் அமரத் தொடங்கினர். அப்போது கணிப்பொறி ஆங்கிலம் மட்டுமே அறிந்தது. எழுத்துரு செய்தோர் ஒரு சூழ்ச்சி கண்டனர். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, திரையிலே காட்டும் படத்தை மட்டும் தமிழாக மாற்றிவிட்டனர். ஈழத்தமிழரும் புலம்பெயர்ந்தோரும் மிகுதியாகப் பயன்படுத்திய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலே ‘தமிழ்’ என்று அடித்தால், கோப்புக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி! எழுத்துரு இருக்கும் பொறியிலே அது தமிழாகத் தோன்றும். இல்லாத பொறியிலே பொருளற்ற ஆங்கிலக் குவியலாகக் கிடக்கும். தமிழ் அங்கே இல்லை. தமிழின் வேடம் இருந்தது. வேடத்தைக் கழற்றினால் உள்ளே வேறொருவன்.

ஒரு வேடமாயினும் தாழ்வில்லை. நிறுவனத்துக்கு ஒரு வேடம், நாளிதழுக்கு ஒரு வேடம்! ஒருவர் ‘அ’வை வைத்த இடத்தில் மற்றவர் ‘ஞ’வை வைத்தார். தன் எழுத்துருவை வாங்கியவன் அடுத்த கடைக்குப் போகாதிருக்க அது நல்ல வேலி. பக்கம் அமைக்க எல்லாரும் நாடிய மென்பொருள் பேஜ்மேக்கர். 1985இல் ஆல்டசு நிறுவனம் வெளியிட்டது; 1994இல் அடோபியின் கைக்கு மாறியது; 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு வளர்ச்சி நின்றது. அந்தக் கால் நூற்றாண்டிலே தமிழில் வெளிவந்த கதைகள், ஆராய்ச்சி நூல்கள், கழகங்களின் மலர்கள், சிற்றிதழ்கள் பல, பேஜ்மேக்கர் கோப்புகளாகத்தான் பிறந்தன. கோப்புக்கு ஒரு பூட்டு, எழுத்துருவுக்கு மறு பூட்டு. இரண்டையும் திறந்து, தமிழை வெளியே எடுப்பது இன்று எளிதன்று. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் அச்சகம் நடத்தி மூடியவர்களின் பழைய தகடுகளில் இன்னும் என்னென்ன உறங்குகின்றனவோ!

பூட்டுகளை உடைக்கும் முயற்சி கடல்கடந்த தமிழரிடமிருந்து தொடங்கியது என்பதை நன்றியோடு குறிக்க வேண்டும். 1997இல் சிங்கப்பூரிலே நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியால் தமிழிணைய மாநாடு கூடிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும், தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. ஆர்வலர் குழு ஒன்று மின்னஞ்சல் வழியாகவே கலந்தாய்ந்து டிஸ்கி என்னும் குறியீட்டை உருவாக்கியது. மற்றொருபுறம், உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண்வரிசை என்ற நோக்கோடு 1991இல் வெளிவந்த யூனிகோடு வளர்ந்துகொண்டிருந்தது. அதிலே தமிழுக்குத் தந்த இடம் போதாது, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்ற மனக்குறை பலர்க்கும் இருந்தது. இன்றும் சிலர்க்கு உண்டு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அக்குறையை நீக்க அமைத்த டேஸ்-16 முறையையும் ஒருங்கே ஏற்றது. வழக்கிலே வென்றது யூனிகோடு. ஆவணக் காப்புக்கு அதில் இன்றியமையாத உறுதிமொழி ஒன்று இருக்கிறது: ஓர் எழுத்துக்கு ஓர் இடம் தந்துவிட்டால், அவ்விடம் பின்னர் மாற்றப்படாது, எழுத்து நீக்கப்படாது. வேடக்காரர்களால் தர இயலாத உறுதி அது.

இத்தனை மாற்றங்களுக்கும் இடையே பிழைத்தது யார்? சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். உலகெங்குமுள்ள தமிழர் ஊதியமின்றி இலக்கியங்களை உள்ளிட, அவை எல்லார்க்கும் இலவசமாக வழங்கப்பட்டன. முதலில் தனி எழுத்துரு, பின்னர் டிஸ்கி, அதன்பின் யூனிகோடு என்று அந்நூல்கள் உடைமாற்றிக்கொண்டே வந்தன. மாற்ற முடிந்தது எதனால்? அணிகலன் ஏதுமற்ற வெற்றெழுத்துக் கோப்புகளாக இருந்தன. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை வெளிப்படையாக இருந்தது. அட்டவணை கையிலிருந்தால், நூறு நூல்களை ஒரு நாளிலே மாற்றலாம். பாமினிக் கோப்புகளும் இவ்வாறே மீண்டன. ஆர்வலர்கள் அதன் அட்டவணையைத் தாமே எழுதி, எழுத்துமாற்றிகளைச் செய்து பொதுவில் விட்டனர். அட்டவணை எழுதப்படாத எழுத்துருக்களின் கதி வேறு.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். ‘அதெல்லாம் பழங்கதை, நாங்கள் பி.டி.எப். ஆக்கி வைத்துவிட்டோம்’ என்பார்கள். பி.டி.எப். நல்ல வடிவந்தான். 1993இல் அடோபி வெளியிட்டது. 2008இல் அனைத்துலகத் தர அமைப்பின் பொதுத்தரமாயிற்று. அதன் எல்லா வகைகளும் ஆவணக் காப்புக்கு உகந்தவையல்ல. எழுத்துருவைத் தன்னுள் வைக்காமல் வெளியே தேடும் கோப்பும் உண்டு. கடவுச்சொல்லால் பூட்டிய கோப்பும் உண்டு. ஆகவே 2005இல் பி.டி.எப்.-ஏ என்ற காப்பு வடிவத்தைத் தனித்தரமாக வகுத்தனர், எண் 19005. எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். கடவுச்சொற் பூட்டுக் கூடாது. உள்ளே மறைந்து இயங்கும் நிரல் கூடாது. பக்கத்தைக் காட்ட வெளியிலிருந்து எதையும் நாடலாகாது. கட்டுச்சோற்றோடு புறப்படும் வழிப்போக்கன் என்று சொல்லலாம்.

ஆனால், தமிழர் இங்கே விழிப்போடிருக்க வேண்டும். அத்தரத்திலும் படிகள் உண்டு. ‘பி’ என்னும் படி, பக்கத்தின் தோற்றம் மாறாது என்பதற்கு மட்டும் பொறுப்பேற்கிறது. பாமினியில் அடித்த பக்கத்தை அப்படியில் சேமித்தால், கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடினாலோ, படியெடுத்தாலோ, பழைய ஜே, கே, பி, ஓ தான் கிடைக்கும்! பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் கருவியும் அதைத்தான் உளறும். 2011இல் வந்த இரண்டாம் பகுதியிலே ‘யூ’ என்றொரு படி சேர்ந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் யூனிகோடு எண்ணும் உடனிருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆங்கிலத்துக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது, தமிழுக்கோ உயிர்நாடி. ‘கொ’ என்ற எழுத்தை ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகச் சிதறவிட்ட பி.டி.எப். கோப்புகளைக் காணாதார் உண்டோ? அரசாணையில் தன் ஊர்ப்பெயரைத் தேடி, இல்லையென்று விடை பெறுகிறான் ஒருவன். ஊர் அங்கேதான் இருக்கிறது, துண்டு துண்டாக!

படமாக எடுத்து வைப்பதிலும் பள்ளம் உண்டு. இடத்தை மிச்சம் பிடிக்க, படத்தைச் சுருக்குவர். ஜேபெக் முறையிலே மீண்டும் மீண்டும் சேமிக்க, எழுத்தோரம் மங்கும். அதைவிடக் கொடியது 2013இல் வெளியானது. செராக்சு நிறுவனத்தின் சில பொறிகள், ஜேபிக்-2 என்னும் சுருக்கும் முறையால், வருடிய தாளிலே ஆறு என்ற எண்ணை எட்டாக மாற்றிப் பதிந்ததைச் செருமானியக் கணிப்பொறியாளர் ஒருவர் கண்டுபிடித்தார். ஒத்த தோற்றமுடைய இரண்டு எழுத்தை ஒன்றென்று கருதி, ஒரே படத்தை இரண்டிடத்தும் ஒட்டியது பொறி! மங்கியிருந்தால் ஐயம் எழும். இதுவோ தெளிவாகப் பொய் சொல்லிற்று. நிலப்பத்திரத்திலே ஆறு சென்ட் எட்டு சென்ட் ஆனால் எத்தனை வழக்கு, எத்தனை வெட்டுக்குத்து! எனவேதான் காப்பகங்கள் மூலப்படத்தைச் சுருக்காமல், அல்லது ஒரு புள்ளியும் இழக்காத சுருக்கத்தோடு, டிஃப் வடிவிலே வைக்கின்றன. ஏ-4 தாள் ஒன்றை வண்ணத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தால், ஏறத்தாழ 26 மெகாபைட்டு ஆகும். வாரத்துக்கு 16 பக்கம் வரும் இதழின் ஓராண்டுத் தொகுதி 832 பக்கம்; 22 கிகாபைட்டில் அடங்கும். இன்றைய சேமிப்புக் கருவிகளுக்கு அது பெருஞ்சுமையன்று.

படம் வேண்டுமா, எழுத்து வேண்டுமா என்று கேட்பார் உண்டு. இரண்டும் வேண்டும். ஏன் என்பதற்கு, சீர்திருத்த வரலாறே சான்று. 1935 சனவரியில் பெரியார் ‘குடி அரசு’ இதழிலே எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். துதிக்கை போட்ட லை, ளை, ணை, னை. சுழித்த ணா, றா, னா. அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் — அவற்றுக்கு மாற்றாக மற்ற எழுத்துகளைப் போன்ற எளிய வடிவம். 1978இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணை பிறப்பித்தது. யூனிகோடிலோ, லை என்பது லகரமும் ஐகாரக் குறியும் ஆகும். பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் எண் ஒன்றே. பழைய உருவைக் காட்டுவதும் புதிய உருவைக் காட்டுவதும் எழுத்துருவின் வேலை. இது நல்ல ஏற்பாடு. 1930ஆம் ஆண்டுக் கட்டுரையையும் இன்றைய கட்டுரையையும் ஒரே தேடலிலே காணலாம். ஆனால், பழைய இதழ்களைத் தட்டச்சு செய்துவிட்டு, தாளையும் படத்தையும் தூக்கி எறிந்தால்? 1934இன் இதழும் 1936இன் இதழும் ஒரே எழுத்திலே நிற்கும். இடையிலே ஒரு சீர்திருத்தம் நடந்தது என்பதற்கான கண்கண்ட சான்றே மறைந்துவிடும்! எழுத்தின் உருவைப் படம் காக்கும். எழுத்தின் பொருளைக் குறியீடு காக்கும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

படிப்பகம் நடத்தும் தோழர்கள், கழகத்து மலர்களையும் துண்டறிக்கைகளையும் காக்க விரும்பினால், செலவு மிகுதி என்று அஞ்ச வேண்டா. டிஃப் படம் ஒன்று, படிப்பதற்குப் பி.டி.எப்.-ஏ ஒன்று, யூனிகோடிலே வெற்றெழுத்துக் கோப்பு ஒன்று. இவற்றின் மூன்று படிகள். அவற்றுள் ஒன்றேனும் வேற்றூரில். முடிச்சூரில் ஒன்றும் பெருங்களத்தூரில் ஒன்றும் வைத்தால், அடுத்த வெள்ளம் இரண்டையும் ஒருசேரக் கொண்டுபோகும்! ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்க வேண்டும். கருவி பழசானால் மாற்ற வேண்டும். வடிவம் வழக்கொழிவதாகத் தெரிந்தால், படிக்க முடிகிறபோதே புதிய வடிவுக்குப் பெயர்க்க வேண்டும். ஏடு சிதையுமுன்னே மற்றொருவர் படியெடுத்தாரே, அதே வேலைதான். தாளை எறியலாகாது என்று மீண்டும் சொல்லத் தேவையில்லை.

அரசு அலுவலகங்களை நோக்கியும் கேள்வி எழுப்ப வேண்டும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. பத்து அலுவலகங்களின் பழைய தீர்மானங்களும் வரிக்கணக்குகளும் வரைபடங்களும் ஒரே குடைக்கீழ் வந்தன. அவற்றுள் கணிப்பொறியில் இருப்பவை எந்த வடிவில் இருக்கின்றன? எந்த எழுத்துருவில்? திறந்து பார்த்து எத்தனை நாளாயிற்று? 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம், தன் நான்காம் பிரிவிலே, ஆவணங்களை அட்டவணைப்படுத்தி, தகவல் பெறுவதற்கு எளிதான முறையில் பேண வேண்டும் என்று பொது அலுவலகங்களுக்குக் கடமை விதித்திருக்கிறது. திறக்க முடியாத கோப்பு ‘எளிதான முறை’ ஆகுமா? ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாய்க் கட்டணமும் இருந்தால், எந்த இளைஞனும் கேட்கலாம். ஏழையின் வீட்டுமனைக்கு அவன் வீட்டுப் பெட்டியில் சான்றில்லாதபோது, அலுவலகக் கோப்பு ஒன்றே அவனுக்குத் துணை. அதற்கும் திறவுகோல் இல்லையென்றால், வலுத்தவன் வைத்ததே எல்லைக்கல்.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்களில், பாட்டனார் காலத்து நிலப்பத்திரமோ வரவு செலவுக் கணக்கோ வைத்திருப்போர் இன்னும் உளர். அவற்றிலே மா, காணி, முந்திரி என்ற பின்னங்களைச் சொல்லால் எழுதாமல், வளைந்த குறிகளால் எழுதியிருப்பர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு; காணி 80இல் ஒரு பங்கு; மா 20இல் ஒரு பங்கு. நன்செய், புன்செய், உப்பளம் ஆகியவற்றுக்கும், நெல்லளவைகளுக்கும், காசுக்கும் பணத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. நெடுங்காலம் இவற்றுக்குக் கணிப்பொறியிலே இடமில்லை. அடிப்போர் விட்டுவிட்டார்கள், அல்லது தமக்குத் தோன்றியதை இட்டு நிரப்பினார்கள். 2019இல் வெளிவந்த யூனிகோடின் 12ஆம் பதிப்பு, தமிழ்ப் பின்னங்களுக்கும் குறிகளுக்குமாக 51 இடங்களை ஒதுக்கியது. பாட்டனார் எழுதியதை, எழுதியபடியே இனி உள்ளிடலாம். அக்குறிகளைத் தங்குதடையின்றிப் படிக்கவல்ல முதியவர்களும், பழைய கணக்கர் குடும்பங்களில் ஆங்காங்கே இருக்கிறார்கள். பரணிலே அத்தகைய பத்திரம் இருந்தால், ஐப்பசி மழைக்கு முன்னே கீழே இறக்குங்கள். படமெடுத்து, அவரைப் படிக்கச் சொல்லி, பக்கத்திலே எழுதிக்கொள்ளுங்கள்.